பறக்கும் நடிகர் விழுந்தால்: பிராட்வே இசை நாடகங்களும் தொழிலாளர் இழப்பீடும்

2010 டிசம்பர் 20, திங்கட்கிழமை இரவு. நியூ யார்க் 42ஆம் தெருவில் இருக்கும் ஃபாக்ஸ்வுட்ஸ் அரங்கில் 'ஸ்பைடர்மேன்: டர்ன் ஆஃப் தி டார்க்' இசை நாடகம் முடியப்போகிற நேரம். மேடையில் ஒரு பாலம். அதன் விளிம்புக்கு ஓடிவந்து ஸ்பைடர்மேன் குதிப்பது போல நிற்க வேண்டும். இடுப்பில் கட்டிய பட்டையிலிருந்து ஒரு கயிறு பின்னால் போகும், அதுதான் அவரை விழாமல் இழுத்துப் பிடிக்கும். அன்றைக்கு கிறிஸ்டோபர் டியர்னி என்ற நடனக் கலைஞர் ஓடிவந்தார், சாய்ந்தார், கயிறு பிடிக்கவில்லை. கொக்கி மாட்டப்படவில்லை. 20 அடிக்கும் மேலான உயரத்திலிருந்து மேடைக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் விழுந்தார். மண்டை ஓடு, தோள்பட்டை, விலா எலும்புகள், முதுகெலும்பு என்று பல இடங்களில் முறிவு. பிழைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே அதே நாடகத்துக்குத் திரும்பியும் வந்தார்.

இந்தச் செய்தி அப்போது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அந்த நாடகத்தைக் கேலி செய்யாத தொலைக்காட்சி நிகழ்ச்சி அமெரிக்காவில் இல்லை என்றே சொல்லலாம். 7.5 கோடி டாலர் செலவு, போனோவும் தி எட்ஜும் இசை, ஜூலி டேமோர் இயக்கம், அதோடு அடிபட்ட நடிகர்களின் பட்டியல். எனக்கு வேறொரு கேள்வி இருந்தது. விழுந்தவருக்கு ஆஸ்பத்திரிச் செலவை யார் கொடுப்பார்கள்? அவர் படுத்திருக்கும் மாதங்களில் வீட்டு வாடகை எங்கிருந்து வரும்? நாடகக் கம்பெனி மேல் கேஸ் போட முடியுமா?

கடைசிக் கேள்விக்குப் பதில்: பொதுவாக முடியாது. ஏன் என்று தெரிந்துகொள்ள நூறு வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

பழைய காலத்தில் வேலையில் அடிபட்ட தொழிலாளி முதலாளி மேல் வழக்குப் போடலாம். ஆனால் முதலாளியின் வக்கீல் கையில் மூன்று ஆயுதங்கள் இருந்தன. ஒன்று, உன் கவனக்குறைவும் இதில் இருக்கிறது. இரண்டு, தப்பு செய்தது நான் இல்லை, உன்னோடு வேலை பார்த்த இன்னொரு தொழிலாளி. மூன்று, ஆபத்தான வேலை என்று தெரிந்துதானே சேர்ந்தாய்? இந்த மூன்றையும் டியர்னி விழுந்த சம்பவத்துக்குப் பொருத்திப் பாருங்கள். நீ ஏன் குதிக்கும் முன்னால் கொக்கியைத் தொட்டுப் பார்க்கவில்லை? மாட்டாமல் விட்டது சக ஊழியர்தானே? பறக்கிற வேலை என்று தெரிந்துதானே கையெழுத்துப் போட்டாய்? மூன்றும் கச்சிதமாகப் பொருந்துகிறது. 1900இல் அவர் விழுந்திருந்தால் ஒரு காசு கிடைத்திருக்காது.

இதை மாற்ற நியூ யார்க் மாநிலம் 1910இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. யார் தப்பு என்ற விசாரணையே வேண்டாம், வேலையில் அடிபட்டால் முதலாளி பணம் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1911 மார்ச் 24 அன்று மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. தப்பு செய்யாத முதலாளியிடமிருந்து பணம் பிடுங்குவது அவருடைய சொத்துரிமையைப் பறிப்பது என்றார்கள். மறுநாள் மார்ச் 25. அதே நியூ யார்க் நகரத்தில் டிரையாங்கிள் சட்டை ஃபாக்டரி தீப்பிடித்து 146 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். கதவு பூட்டியிருந்தது. இப்படி ஒரு நாள் இடைவெளியில் இரண்டும் நடந்ததை ஒரு நாவலில் எழுதினால் ரொம்ப செயற்கையா இருக்கே என்று எடிட்டர் வெட்டிவிடுவார். 1913இல் மாநில அரசியல் சாசனத்தையே திருத்தி மறுபடி சட்டம் போட்டார்கள். 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

அந்தச் சட்டத்தின் மையத்தில் ஒரு பேரம் இருக்கிறது. தொழிலாளி யாருடைய தப்பு என்று நிரூபிக்க வேண்டாம். மருத்துவச் செலவும் சம்பளத்தில் ஒரு பங்கும் கிடைக்கும். பதிலுக்கு, முதலாளி மேல் வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். வலி, வேதனை, கெட்டுப்போன எதிர்காலம் என்று கோடிக்கணக்கில் கேட்க முடியாது. முதலாளி இதற்காகக் கட்டாயம் இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும். தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு என்பது இதுதான்.

நடிகர் தொழிலாளியா, காண்ட்ராக்டரா என்ற சந்தேகம் வரும். நியூ யார்க் சட்டம் அதற்கு வெளிப்படையாகவே பதில் வைத்திருக்கிறது. அரங்கில் வேலை செய்யும் இசைக் கலைஞரும் நிகழ்த்துகலைஞரும் ஊழியர்தான், எழுத்துப்பூர்வமாக வேறொரு முதலாளியின் ஊழியர் என்று ஒப்பந்தம் இருந்தால் ஒழிய. உலகத்தில் பல ஊர்களில் நடனக்காரருக்கு இது கிடைப்பதில்லை.

இனி பணக்கணக்கு. மருத்துவச் செலவு முதல் நாளிலிருந்து முழுக்கக் கிடைக்கும். சம்பளம் அப்படி இல்லை. முதல் 7 நாளுக்குக் கிடையாது, 14 நாளைத் தாண்டினால்தான் அந்த முதல் வாரத்துக்கும் சேர்த்துக் கொடுப்பார்கள். கணுக்கால் சுளுக்கி நாலு நாள் உட்கார்ந்தால் இந்தச் சட்டத்தில் சம்பளம் என்று ஒன்றும் வராது. அதனால்தான் பலர் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஆடிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். வாரத்துக்கு 8 காட்சி.

அதற்குமேல் படுத்தால், வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் அதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு. டியர்னி விழுந்த சமயத்தில் நியூ யார்க்கில் அது வாரத்துக்கு 739.83 டாலர். அதே காலத்தில் பிராட்வே நடிகரின் குறைந்தபட்ச வாரச் சம்பளம் 1600 டாலருக்குக் கொஞ்சம் மேலே. மூன்றில் இரண்டு பங்கு என்றால் ஆயிரத்துச் சொச்சம் வர வேண்டும், உச்சவரம்பு அதை 739இல் நிறுத்திவிடும். ஆக, ஏட்டில் மூன்றில் இரண்டு பங்கு என்பது பிராட்வேயில் பாதிக்கும் குறைவு. மன்ஹாட்டனில் வீட்டு வாடகை கொடுப்பவர்களிடம் இதைப்பற்றிக் கேட்க வேண்டும்.

நிரந்தர ஊனம் வந்தால் வேறு கணக்கு. இங்கேதான் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். சட்டத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது, உடம்பைப் பிரித்து விலை போட்ட அட்டவணை. ஒரு கை போனால் 312 வாரச் சம்பளம் (அதே மூன்றில் இரண்டு பங்குதான், அதே உச்சவரம்புதான்). கால் 288 வாரம். மணிக்கட்டுக்குக் கீழே கை 244. பாதம் 205. கண் 160. கை கட்டைவிரல் 75. ஆள்காட்டி விரல் 46. காலின் பெருவிரல் 38. பாதி செயலிழந்தால் பாதி வாரம். ஏற்கெனவே வாரா வாரம் வாங்கிய பணம் இதில் கழிக்கப்படும்.

காலின் பெருவிரலைப் பாருங்கள். 38ஐ 739.83ஆல் பெருக்கினால் சுமார் 28,000 டாலர். இந்த அட்டவணை எந்த விரல் என்று கேட்கிறது, யாருடைய விரல் என்று கேட்பதில்லை. உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர் பெருவிரலை இழந்தால் வலிக்கும், செருப்பு மாற்ற வேண்டியிருக்கும், மறு மாதம் வேலைக்குப் போய்விடுவார். நடனக்காரருக்கு உடம்பு தரையைத் தள்ளி எழும்புவதே அந்த விரலில்தான். அது போனால் தொழில் போயிற்று. இரண்டு பேருக்கும் ஒரே 38 வாரம். சட்டம் எழுதியவர்கள் வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள், ஒவ்வொரு விரலுக்கும் வாதாட்டம் நடந்தால் பழைய கோர்ட்டு வழக்கு மாதிரியே இழுக்கும் என்று. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

நம்ம ஊர் சட்டத்தில் இதே இடத்தில் ஒரு வித்தியாசமான திருப்பம் உண்டு. இந்தியாவின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் வந்தது, அதிலும் இதே மாதிரி அட்டவணை இருந்தது. 1968இல் ஒரு தியேட்டரில் அலங்கார வேலை பார்த்துக்கொண்டிருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்தார், இடது கையை முழங்கைக்கு மேல் எடுக்க வேண்டியதாயிற்று. அட்டவணைப்படி அது பகுதி ஊனம். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, அதனால் இவருக்கு இது முழு ஊனம்தான் என்று ஆணையர் சொன்னார். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. உறுப்பை மட்டும் பார்க்காமல் அந்த ஆள் என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று பார்த்த தீர்ப்பு. இன்றைக்கும் நம் தீர்ப்பாயங்களில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. பிராட்வே நடனக்காரருக்கு நியூ யார்க் அட்டவணை கொடுக்காத ஒன்றை அந்தத் தச்சருக்கு நம் நீதிமன்றம் கொடுத்தது.

சரி, பிராட்வேக்கே திரும்புவோம். இப்படி விழுவதெல்லாம் அபூர்வம்தானே என்று கேட்கலாம். விழுவது அபூர்வம். அடிபடுவது இல்லை. 1996இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்விதழில் ஒரு ஆய்வு வந்தது. பிராட்வேயில் 23 நாடகங்களில் நடித்த 313 பேரிடம் கேட்டார்கள். 55.5 சதவீதம் பேருக்கு அந்த நாடகத்தில் ஒரு தடவையாவது அடிபட்டிருந்தது. பெரும்பாலும் கால், அதற்கடுத்து முதுகு, கழுத்து. சாய்வான மேடை காயத்தைக் கூட்டுகிறது என்பதும் அதில் தெரிந்தது. பார்வையாளருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று மேடையைப் பின்பக்கம் உயர்த்திக் கட்டுவார்கள், அதில் வாரம் 8 தடவை குதிகால் செருப்போடு ஆடுவது முழங்காலுக்கு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். டியர்னி போல செய்தியில் வருபவர் ஒருவர். முழங்கால் தேய்ந்து 35 வயதில் நிறுத்துபவர் செய்தியில் வரமாட்டார். புகை, மூட்டம் போடும் இயந்திரங்களால் தொண்டை கெடுவதும், இசைக்குழுப் பள்ளத்தில் உட்கார்ந்து வாசிப்பவரின் காது மெல்ல மந்தமாவதும் இதே வகைதான். எந்த நாளில் நடந்தது என்று காட்ட முடியாத காயத்துக்குக் கிளெய்ம் போடுவது கஷ்டம்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே, அதுவே முதலாளியைப் பாதுகாப்பாக நடக்க வைக்காதா? பொருளாதாரப் பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்லும். விபத்து கூடினால் பிரீமியம் கூடும், அதனால் கவனமாக இருப்பார்கள். பெரிய ஃபாக்டரிக்கு இது ஓரளவு பொருந்தும். நாடகத்துக்கு எப்படி என்று பார்ப்போம்.

பிரீமியம் போடுவது இப்படி: ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண் உண்டு, அந்த எண்ணுக்கு ஒரு விகிதம் உண்டு, சம்பளப் பட்டியலில் ஒவ்வொரு 100 டாலருக்கும் இவ்வளவு என்று. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அரங்க நடிகர், பாடகர், வாத்தியக்காரருக்கு 9156. அரங்கில் வேலை செய்யும் மற்றவர்களுக்கு 9154. அதாவது கம்பியில் தொங்கிப் பறக்கிறவரும் ஓரமாக உட்கார்ந்து பியானோ வாசிக்கிறவரும் ஒரே எண். அதோடு, கம்பெனியின் கடந்த சில வருஷ விபத்து வரலாற்றைப் பார்த்து விகிதத்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். இங்கேதான் சிக்கல். பிராட்வேயில் ஒவ்வொரு பெரிய நாடகத்துக்கும் ஒரு புதுக் கம்பெனி பதிவு செய்வார்கள். ஸ்பைடர்மேனுக்கு '8 லெக்ட் புரொடக்ஷன்ஸ்', எட்டுக்கால் கம்பெனி. புதுசாகப் பிறந்த கம்பெனிக்கு ஏது வரலாறு? பெரும்பாலும் சுத்தமான பலகையில்தான் ஆரம்பிக்கும். நாடகம் ஊற்றிக்கொண்டால் கம்பெனியும் மூடிவிடும், அந்த வரலாறும் அதோடு போய்விடும். விபத்தின் விலை திரும்பி வந்து கடிக்கும் முன்பே கடிபடவேண்டிய ஆள் கிளம்பிவிடுகிறார்.

அப்போது யார் பாதுகாப்பைப் பார்ப்பது? அதற்குத்தான் ஓஷா, 1970 சட்டத்தின் கீழ் வந்த மத்திய அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு. ஸ்பைடர்மேன் ஒத்திகை தொடங்கியதிலிருந்து அடிபட்டது டியர்னி மட்டும் அல்ல. அக்டோபரில் ஒரு நடனக்காரருக்கு இரண்டு மணிக்கட்டும் உடைந்தது. நவம்பர் 28, முதல் முன்னோட்டக் காட்சியில் கயிறு தலையில் அடித்து நடாலி மெண்டோசாவுக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டது. ஓஷா நான்கு சம்பவங்களை எடுத்துக்கொண்டு விசாரித்து, 2011 மார்ச் 4 அன்று மூன்று கடுமையான மீறல்கள் என்று நோட்டீஸ் கொடுத்தது. பட்டைகள் சரியாக மாட்டப்படவில்லை, திறந்த விளிம்புகளுக்குத் தடுப்பு இல்லை, தலைக்கு மேல் நகரும் கருவிகளிலிருந்து பாதுகாப்பு இல்லை. சரி, அபராதம் எவ்வளவு? 12,600 டாலர்.

7.5 கோடி டாலர் நாடகத்துக்கு 12,600. பத்தாயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. 2011இன் கடைசி வாரத்தில் அதே நாடகம் ஒரே வாரத்தில் 29 லட்சம் டாலர் வசூல் செய்து பிராட்வே சாதனை படைத்தது. ஓஷாவைத் திட்டுவதில் அர்த்தமில்லை, அன்றைக்கு ஒரு கடுமையான மீறலுக்குச் சட்டம் அனுமதித்த அதிகபட்சமே 7,000 டாலர்தான்.

ஆக, இன்சூரன்ஸும் பயமுறுத்தவில்லை, அபராதமும் பயமுறுத்தவில்லை. மாற்றிய விஷயம் எது என்று தேடினால் கிடைப்பது ஆச்சரியமாக எளிமையான ஒன்று. டியர்னி விழுந்த பிறகு, மாநிலத் தொழில்துறையும் ஓஷாவும் நடிகர் சங்கமும் உட்கார்ந்து பேசி, புது விதி கொண்டுவந்தார்கள். கொக்கியை ஒருவர் மாட்டியதும், இரண்டாவது ஆள் ஒருவர் அதைச் சரிபார்க்க வேண்டும். சரிபார்த்ததை மேடை மேலாளரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். செலவு என்று பார்த்தால் இன்னொரு மேடைத் தொழிலாளியின் சம்பளம். விமானத்தில் கதவு சரிபார்க்கிறார்கள் இல்லையா, அந்த மாதிரி. இருட்டில், இசையின் இரைச்சலில், உடை மாற்றும் அவசரத்தில், ஒரே ஆள் ஒரு நாளைக்கு இரண்டு காட்சி மாட்டும்போது என்றைக்காவது ஒரு நாள் கை தவறும். அந்த ஆளைக் குற்றவாளியாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கை தவறாத மனிதனை நம்பி ஒரு ஏற்பாட்டைச் செய்ததுதான் பிழை.

ஆனால் ஒரு விதி அது எழுதப்பட்ட ஆபத்தை மட்டும்தான் பார்க்கும். இசை நாடகத்தில் ஆபத்து மேலே மட்டும் இல்லை, காலுக்குக் கீழேயும் இருக்கிறது. 2005 ஜனவரியில், 'விக்கெட்' நாடகத்தில் தன் கடைசிக்கு முந்தைய காட்சியில், இடினா மென்செல் மேடைத் திறப்பு வழியாக விழுந்து விலா எலும்பை முறித்துக்கொண்டார். சூனியக்காரி உருகி மறையும் இடத்தில் அவரை மெல்ல இறக்கவேண்டிய லிஃப்ட் முன்கூட்டியே இறங்கியிருந்தது. ஸ்பைடர்மேனிலும், பறக்கும் கம்பிகளுக்கு இரட்டைச் சரிபார்ப்பு வந்து இரண்டரை வருஷம் கழித்து, 2013 ஆகஸ்ட் 15 அன்று, ஒரு இளம் நடனக்காரரின் கால் மேடை லிஃப்டில் சிக்கியது. காட்சி பாதியில் நின்றது. பல அறுவை சிகிச்சைகள்.

அவருக்கும் டியர்னிக்கு இருந்த அதே சட்டம்தான். வேலை கொடுத்த கம்பெனியிடமிருந்து இழப்பீடு வரும், வழக்கு கிடையாது. ஆனால் அந்தப் பேரம் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையில்தான். லிஃப்டை வடிவமைத்தவர், செய்தவர், பொருத்திக் கொடுத்தவர் அந்தப் பேரத்தில் இல்லை, இயந்திரத்தில் கோளாறு என்று காட்ட முடிந்தால் அவர்கள் மேல் வழக்குத் தொடுக்கலாம். அதற்கு இயந்திரத்தைப் பார்த்தாக வேண்டும், அது இருப்பதோ தினமும் நாடகம் ஓடிக்கொண்டிருக்கும் மேடைக்கு அடியில். அதனால் அவருடைய வக்கீல்கள் பணம் கேட்பதற்கு முன்னால் நீதிமன்றத்தில் கேட்டது, அந்த லிஃப்டைத் தங்கள் நிபுணர்கள் பார்த்துப் பரிசோதிக்க அனுமதி. நாடகம் 2014 ஜனவரி 4 அன்று கடைசிக் காட்சி போட்டு, மேடையைக் கழற்றத் தொடங்கியது.